திருப்பி வைத்த வாசல்

“இந்த வாசல் ஏன் பின்பக்கம் இருக்கு?” என்று மிஸ் லிண்டோ கேட்டதுதான் தாமதம், எங்கள் வளவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது.

பான்சி மீன் சட்டியைக் கிளறத் தொடங்கினாள். சட்டியில் மீனே இல்லை. மாஸ் க்ளீவ் டோமினோக் கட்டைகளைக் கலைத்துப் போட்டார். ஆட்டம் பாதியில்தான் இருந்தது. நான் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துப் போட்ட தோலை எடுத்து மறுபடியும் உரித்தேன்.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்,” என்றாள் மிஸ் லிண்டோ. “எல்லா அறையும் குழாயடியைப் பாத்து இருக்கு. யூலலி அறை மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. இங்க பாருங்க, இந்த இடத்துல மட்டும் செங்கல் வேற நிறம். முன்னாடி இங்க ஒரு வாசல் இருந்திருக்கு. படிக்கல்லு கூட அப்படியே இருக்கு. எதுக்கு அடைச்சாங்க?”

“வெயில், மிஸ்,” என்றார் மாஸ் க்ளீவ்.

“தூசி,” என்றாள் பான்சி, அதே மூச்சில்.

“வெயிலா, தூசியா?”

“வெயில்ல வர்ற தூசி,” என்றேன் நான்.

மிஸ் லிண்டோ சிரித்தாள். கையில் இருந்த கலர் பென்சிலால் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். யூலலி தன் அறையின் பின்பக்கத்திலிருந்து சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தவள், அந்தப் பேச்சைக் கேட்டதும் காலி வாளியோடு திரும்பிப் போய்விட்டாள்.

கில்பர்ட் புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனதற்கு மறு வருஷம் அது. கிங்ஸ்டனின் கீழ்ப்பகுதியில், துறைமுகத்தின் சங்கு காதில் விழுகிற தூரத்தில் எங்கள் வளவு. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாயும் ஒரு சீமைப்பலா மரமும், சுற்றிலும் ஒற்றை அறைகள், எல்லாவற்றையும் வளைத்துத் தகர வேலி. புயலுக்குப் பிறகு கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரிகள் வந்தார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட்டு நாலு மாடி கட்டித் தருகிறோம், ஆளுக்கு ஒரு சமையலறை, ஆளுக்கு ஒரு குழாய் என்றார்கள்.

“என் சட்டி கருகுச்சுன்னா யாரு சொல்லுவா?” என்று கேட்டாள் பான்சி.

“என்னம்மா?”

“இப்ப என் சட்டி கருகுனா மிஸ் மேர்ட்டில் அவ அறையிலிருந்தே கத்துவா. ஏன்னா அவ மூக்கு பூரா என் சட்டிக்குள்ளதான். நாலாவது மாடியில நானே கருகிக் கெடந்தாலும் யாருக்கும் தெரியாதே.”

மிஸ் மேர்ட்டில் நான்தான். அதிகாரிகள் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள்தான் ஆடெல் லிண்டோ. இங்கிலாந்தில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்து இங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். மறுநாள் தனியாக வந்தாள். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தாள். பிறகு வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நிழல் எந்நேரம் எங்கே விழுகிறது, யார் யாரோடு உட்கார்ந்து முடி பின்னிக்கொள்கிறார்கள், சண்டை எந்த மூலையில் ஆரம்பித்து எந்த மூலையில் சமாதானமாகிறது, எல்லாம் அவள் தாளில் கோடு கோடாக ஏறியது.

“வீடுங்கறது அறை இல்ல, மிஸ் மேர்ட்டில்,” என்பாள். “அறைக்கும் அறைக்கும் நடுவுல இருக்குதே, அதுதான் வீடு. நீங்க தூங்க மட்டும்தானே உள்ள போறீங்க? வாழறது பூரா இங்கதான்.”

“மழை வந்தா?”

“மழை வந்தா எங்க நிப்பீங்க?”

“பான்சியோட அடுப்புக் கூரைக்கடியில. அவ திட்டிக்கிட்டே இருப்பா.”

“அப்ப கூரையைப் பெரிசா போடணும். எல்லாரும் நின்னு திட்டு வாங்கற மாதிரி.”

அப்படியே வரைந்தாள். அதிகாரிகளோடு சண்டை போட்டாள். நாலு மாடிப் பெட்டியை ஒழித்துக்கட்டினாள். முற்றம் முற்றமாகவே இருக்கும், குழாய் இருந்த இடத்தில் இருக்கும், மரம் நிற்கும், சுவர்களைப் பலப்படுத்திக் கூரையை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு அவள் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். அவளிடம் பொய் சொல்வது எங்களுக்குப் பிடித்த காரியம் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரை எங்கள் வளவில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டது போல. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

யூலலியோடு வாழ்ந்தவன் அவன். கப்பல் துறையில் மூட்டை இறக்குகிற வேலை. வேலை முடிந்து சந்துக்குள் நுழையும்போது இரண்டு சீழ்க்கை அடிப்பான், ஒன்று தாழ்ந்து, ஒன்று உயர்ந்து. இரண்டாவது சீழ்க்கை முடிவதற்குள் யூலலி வாசற்படியில் நிற்க வேண்டும். நிற்காத நாளில் என்ன நடந்தது என்பதை அவளுடைய இடது கை சொல்லும். அந்த விரல்கள் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை.

“கோர்ட்டுக்குப் போடி,” என்றாள் பான்சி ஒருமுறை.

“போனேன். சிரிச்சுக்கிட்டே கூட்டிக்கிட்டு வந்துட்டான். என்ன சொன்னான் தெரியுமா? ‘இந்தப் படியில என் கால் பழகிப்போச்சு. செத்தாலும் இந்தப் படி ஏறி அந்தக் கட்டிலுக்குத்தான் வருவேன்’னான்.”

ஒரு மழை நாளில் கப்பலுக்கும் துறைக்கும் நடுவில் விழுந்தான் என்று செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. தொப்பி மட்டும் மிதந்து வந்தது. தொப்பியை வைத்து ஒன்பதாம் ராத்திரி செய்தோம். ஆட்டுத்தலை சூப்பு, வெள்ளை ரம், பாட்டு, எல்லாம் குறையில்லாமல் செய்தோம். செத்தவன் கடைசியாக ஒருமுறை வீடு பார்க்க வருவது அன்றைக்குத்தான். அவன் விடைபெற்றுப் போனதும் கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும், மேசையை இடம் மாற்ற வேண்டும். அப்புறம் அந்த டப்பி, செத்தவனின் ஆவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், திரும்பி வந்தாலும் அறை அடையாளம் தெரியாமல் போய்விடும். எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது.

“கட்டிலத் திருப்பினா பத்தாது,” என்றாள் யூலலி. “அவனுக்குக் கண்ணுல இல்ல அடையாளம். கால்ல இருக்கு. வாசலையே திருப்புங்க.”

மாஸ் க்ளீவ் கொத்தனார். அவனோடு சிறு வயதிலிருந்து டோமினோ ஆடியவர். சுத்தியலை எடுத்தார். பெண்கள் நாங்கள் சத்தமாகப் பாடினோம், இடிக்கிற ஓசை வெளியே தெரியாமல் இருப்பதற்காக. விடிவதற்குள் முன்வாசல் சுவராகிவிட்டது. பின்சுவரில், சாக்கடைப் பக்கமாக, ஒரு வாசல் திறந்துவிட்டது.

மறு வருஷம் மழைக்காலத்தில் ரொட்டி வண்டிக்காரன் சொன்னான், “உங்க வளவுல ஒரு ஆள் செவுத்தத் தடவிக்கிட்டு நின்னான், மிஸ் மேர்ட்டில். மழையில நனைஞ்சுக்கிட்டே. அப்புறம் போயிட்டான்.” எந்தச் சுவரை என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் மிஸ் லிண்டோவிடம் எப்படிச் சொல்வது? வெயில் என்றோம். தூசி என்றோம். அவள் நல்லவள், கேட்டதையெல்லாம் செய்து தருகிறவள். மறு வாரமே வந்தாள்.

“வெயிலுக்கு இறவாரத்தை நீட்டிட்டேன். தூசிக்கு மரச்சட்டம் போட்ட கதவு. இப்ப சரிதானே, யூலலி?”

யூலலி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள், “குழாயடிச் சத்தம், மிஸ். தூக்கம் வராது.”

“கதவு கனமா போட்டுடறேன்.”

“பின்னாடியே இருக்கட்டுமே. பழகிடுச்சு.”

“சாக்கடை ஓரமா நடந்து வர்றதா பழக்கம்? உங்களை மட்டும் எல்லாரும் ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கு. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு.”

இன்னொரு நாள் அட்டையில் செய்த சின்ன வளவு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். குழாய்கூட இருந்தது, தீக்குச்சியில். பான்சியின் அடுப்புக் கூரை இருந்தது. யூலலியின் அறை முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

மாஸ் க்ளீவ் மட்டும் குனிந்து, ஒற்றை விரலால் அந்த அட்டை அறையை மெதுவாகத் திருப்பி வைத்தார். வாசல் பின்பக்கம் போயிற்று. மிஸ் லிண்டோவைப் பார்த்தார்.

“விளையாடாதீங்க, மாஸ் க்ளீவ்,” என்று சிரித்தாள் அவள். பழையபடி திருப்பி வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எங்களுக்குத் துணிவில்லை. அவளுக்குச் சொல்லியாகிவிட்டது, புரிந்திருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

வேலை நடந்த மாதங்களில் எங்களைத் தேவாலயக் கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வளவின் படம் பெரிதாக வந்தது. ‘நகரத்துக்கு வீடு கட்டக் கற்றுக்கொடுத்த முற்றம்’ என்று தலைப்பு. சந்தின் பெயரும் போட்டிருந்தார்கள். படத்தின் நடுவே, பச்சை வர்ணம் அடித்த கதவோடு, யூலலியின் வாசல்.

யூலலி பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தாள்.

“செத்தவன் பேப்பர் படிக்க மாட்டான்டி,” என்றாள் பான்சி.

“சாகாதவன்?”

தொப்பியைத்தான் நாங்கள் புதைத்திருந்தோம்.

திரும்பி வந்த நாளில் பிற்பகல் வெயிலில் வளவு புதுசாக நின்றது. பெரிய கூரை, சிமெண்ட் பூசிய குழாயடி, மரத்தைச் சுற்றி உட்கார மேடை. பான்சி அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். யூலலி மட்டும் வெளிக்கதவைப் பிடித்தபடி உள்ளே வராமல் நின்றாள்.

“வாங்க, யூலலி,” என்று கையைப் பிடித்து இழுத்தாள் மிஸ் லிண்டோ. “உள்ள பாருங்க. கட்டிலுக்குச் சிமெண்ட் மேடை சுவரோட சேத்துக் கட்டிட்டேன். கீழ சாமான் வெச்சுக்கலாம். முந்தி கட்டில் எங்க இருந்துச்சுன்னு தரையே சொல்லுச்சு. நாலு காலும் பதிஞ்ச குழி இருந்தது. அதே இடம்.”

யூலலி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். “அதே இடம்,” என்றாள். “மிஸ் மேர்ட்டில், அதே இடமாம். நகத்தக்கூட முடியாதாம்.”

மிஸ் லிண்டோ எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். “வெயில் இல்ல, என்ன?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் ‘கடலுக்குப் போனவன்’ என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். விரல்கள், சீழ்க்கை, தொப்பி, சுத்தியல், ரொட்டி வண்டிக்காரன் பார்த்த ஆள். அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

“ஏன் முதல்லயே சொல்லல?”

“பேரைச் சொல்லாம எப்படிச் சொல்றது?” என்றார் மாஸ் க்ளீவ். “திருப்பி வெச்சுக் காட்டினேனே, பிள்ளை.”

அவள் விரல் காற்றில் எதையோ மெதுவாகத் திருப்பியது. அட்டை அறை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“நாளைக்குக் காலையில கொத்தனாருங்களக் கூட்டிட்டு வர்றேன். வாசலைத் திரும்பவும் பின்னாடி கொண்டுபோயிடலாம். இன்னிக்கு ஒரு ராத்திரி யூலலி மிஸ் மேர்ட்டில் அறையில இருக்கட்டும். அந்த அறையில நான் இருக்கேன். நான் கட்டினது, நானே படுத்துப் பாக்கறேன்.”

“வேணாம், மிஸ்.”

“பேய்க்குப் பயந்து இல்ல, யூலலி. ஆளா இருந்தா? காலி அறைன்னு தெரிஞ்சா உள்ள வந்து உக்காந்துப்பான்.”

அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. பான்சி அவளுக்குப் புத்தி சொன்னாள்: “பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒருதரம் கூப்பிட்டதுக்கும் பதில் சொல்லாதீங்க, ரெண்டாவதுக்கும் சொல்லாதீங்க. மனுஷனா இருந்தா மூணாவது தடவையும் கூப்பிடுவான். அதுங்களுக்கு மூணு வராது.”

“சரி, பான்சி.”

“எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“மூணாவதுக்கு முன்னாடி வாயைத் திறக்க மாட்டேன்.”

விளக்கு வைக்கிற நேரம். சந்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. புதுக் கூரையின் கீழ் பான்சி முதல் மீனை எண்ணெயில் போட்டாள். பழைய மேசையில் மாஸ் க்ளீவ் ஆட்டம் பிரித்தார். யூலலியை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் என் அறை வாசலில் இருந்தேன்.

“ஆறும் ஆறும் வெச்சிருக்கவன் ஒழுங்கா இறக்கு,” என்றார்.

“உங்ககிட்டதான் இருக்கு, கெழவா. முகத்துலயே தெரியுது,” என்றாள் பான்சி அடுப்பிலிருந்து.

“நீ மீனைப் பாரு.”

அப்போது சந்தின் கோடியில் சீழ்க்கை கேட்டது. ஒன்று தாழ்ந்து.

மாஸ் க்ளீவின் கையிலிருந்த கட்டை மேசையில் விழவில்லை, அந்தரத்திலேயே நின்றது. இரண்டாவது சீழ்க்கை, உயர்ந்து, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். என் அறைக்குள் யூலலியின் கால்கள் தாமாக எழுந்து நின்றதை நான் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கால்கள் வாசலுக்குப் போகப் பார்த்தன. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அறையத் திருப்ப முடியாது,” என்றாள் என் காதில். “முற்றத்தத் திருப்புங்க, மிஸ் மேர்ட்டில். பேசாம. உங்க குரலெல்லாம் அவனுக்குத் தெரியும்.”

நான் வெளியே வந்து கையை மட்டும் சுழற்றிக் காட்டினேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் வளவில் வயதானவர்களுக்குக்கூட அவ்வளவு வேகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளிக்கதவிலிருந்து அந்த வாசலுக்கு நேராக ஓடிய பாதையில் பெஞ்சு குறுக்கே வந்தது. துணி துவைக்கிற தொட்டிகள் வந்தன. பான்சி தன் மீன் வண்டியை மரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் தள்ளி நிறுத்தினாள். யாரோ கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டி ஈரப் படுக்கை விரிப்புகளைப் போட்டார்கள், ஒன்றன்பின் ஒன்றாக, முற்றம் முழுவதும். விளக்குகள் அணைந்தன. நாங்கள் விரிப்புகளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றோம்.

வெளிக்கதவின் தாழ்ப்பாள் திறந்தது. பழகின கை, தடவவில்லை.

“யூலலி.”

காலடிகள் நேராக வந்தன, ஒரு நாளும் வழி தவறாத காலடிகள். பெஞ்சில் இடித்து நின்றன.

“இங்க ஒரு பாதை இருந்துச்சே,” என்றது அந்தக் குரல், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. கோபம் இல்லாத குரல். அது எனக்குக் கோபத்தைவிட மோசமாக இருந்தது.

தொட்டியைச் சுற்றி வந்தான். ஒரு விரிப்பை விலக்கினான். இன்னொன்றை விலக்கினான். என் முகத்துக்கு முன்னால் இருந்த துணி அசைந்தது. உப்பும் துருவும் கலந்த வாடை அடித்தது. துறைமுகத்தில் வேலை செய்கிற எல்லோரிடமும் அடிக்கிற வாடைதான் அது.

“யூலலி.”

இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவதை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவன் கூப்பிடவில்லை. பச்சைக் கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. மிஸ் லிண்டோ கையில் சிம்னி விளக்கோடு நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில்தான் இருந்தது. அவன் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது, தொப்பி இல்லாத தலையும்.

“யாரு வேணும், சார்?” என்றாள்.

“இது என் வீடு.”

“இல்லைங்க. இது என் வீடு.”

“இதே வாசல்தான்.”

“இந்த வாசல் இப்பத்தான் வெச்சது. வர்ணம் கூடக் காயல. தொட்டுப் பாருங்க.” கதவின் பச்சை மேல் விளக்கைக் காட்டினாள். “இங்க பழசு எதுவுமே இல்லைங்க. புயல் வந்துச்சே, எல்லாம் போயிடுச்சு. அத்தனையும் இடிச்சுத் தள்ளிட்டு நான் புதுசா கட்டினேன். முற்றம்கூட முந்தி இப்படி இல்ல. நீங்க தேடற வளவு இது இல்ல.”

இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவள், ஒரு கல்லையும் மாற்றவில்லை என்று பத்திரிகையில் பெருமையாகச் சொன்னவள், சொல்லிக்கொண்டிருந்தாள்: எதுவுமே மிச்சம் இல்லை, எதுவுமே மிச்சம் இல்லை.

அவன் ஒரு காலைத் தூக்கிப் படிக்கல்லில் வைத்தான். அழுத்தினான்.

“இந்தப் படி எனக்குத் தெரியும்.”

மிஸ் லிண்டோ விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். கல்லின் நடுவே தேய்ந்த பள்ளத்தை அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

“பழைய கல்லு,” என்றாள். “ஏலத்துல வாங்கினது. சந்துல எல்லா வீட்டுக்கும் இதே கல்லுதான் போட்டிருக்கோம்.”

“எல்லா வீட்டுக்குமா?”

“எல்லா வீட்டுக்கும்.”

“அப்ப சரி,” என்றான். காலை எடுத்தான். “ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாத்துக்கறேன்.”

விரிப்புகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி வெளியே போனான். வெளிக்கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து வளவின் தாழ்ப்பாள் திறக்கிற ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு படியில் யாரோ ஏறி இறங்கினார்கள். அப்புறம் இன்னொரு படியில்.

“அவனுக்கு நிழல் விழுந்துச்சா?” என்று பான்சி மெல்லக் கேட்டாள்.

“விழுந்துச்சு,” என்றார் மாஸ் க்ளீவ்.

“அது கொடியில தொங்கின துணியோட நிழல்.”

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

மிஸ் லிண்டோ படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். “சுத்தியல் எங்க, மாஸ் க்ளீவ்? காலைக்கெல்லாம் காத்திருக்க முடியாது. இப்பவே வாசலை அடைக்கணும். படிக்கல்லைப் பேத்து எடுக்கணும்.”

“அடிச்சா சத்தம் கேக்கும், பிள்ளை. அவன் பக்கத்துலதான் இருக்கான்.”

“முந்தி எப்படிச் செஞ்சீங்க?”

“நாங்க பாடினோம்,” என்றேன். “ஒன்பதாம் ராத்திரிப் பாட்டு. சாவு வீட்டுப் பாட்டுன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“இப்பப் பாடினா, யாரு செத்தாங்கன்னு கேப்பானே?”

அப்போதுதான் யூலலி என் அறையிலிருந்து வெளியே வந்தாள். முற்றத்தில் கிடந்த பெஞ்சுகளையும் தொட்டிகளையும் பார்த்தாள். மடங்காத விரல்களால் தலைத்துணியை அவிழ்த்து, சாவு வீட்டில் கட்டுகிற மாதிரி வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

“யூலலின்னு சொல்லுங்க,” என்றாள்.

“அடிப் பாவி, உயிரோட இருக்கறவளுக்கா?” என்றாள் பான்சி.

“சத்தமா சொல்லுங்க. சந்து பூரா கேக்கணும். யூலலி செத்துட்டான்னு சொல்லிப் பாடுங்க. நானும் பாடறேன்.”

பான்சிதான் முதல் அடி எடுத்தாள். குரல் பாதியில் உடைந்தது. யூலலி எடுத்துக் கொடுத்தாள். தன் பெயரைத் தானே பாடி வழியனுப்பினாள். அந்தப் பாட்டின் அடியில் மாஸ் க்ளீவின் சுத்தியல் விழுந்தது, மிஸ் லிண்டோவின் உளி விழுந்தது, பச்சைக் கதவு கழன்று வந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் பக்கத்து வளவில் படி ஏறி இறங்குகிற ஓசை நின்றுபோயிற்று. போய்விட்டானா, நின்று கேட்டுக்கொண்டிருந்தானா என்று தெரியாது. நாங்கள் நிறுத்தவில்லை.

“புது வாசல் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் மிஸ் லிண்டோ.

வெள்ளைத் துணி கட்டியிருந்தவள் தன் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு ஒரு சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

அதற்கப்புறம் நாங்கள் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வேறு பெயர் வைத்திருக்கிறோம். அதையும் இங்கே எழுதவில்லை. படிக்கல்லை மாஸ் க்ளீவ் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ போட்டார், எங்கே என்று சொல்லாமலே இறந்துபோனார். அவருக்கும் கட்டிலைத் திருப்பினோம்.

மிஸ் லிண்டோ இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்து வருவாள். பெரிய கூரையைக் காட்டுவாள், மரத்தடி மேடையைக் காட்டுவாள், வீடு என்றால் அறை இல்லை என்று சொல்லிக் கொடுப்பாள். அவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள், அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏன் வாசல் அங்கே இருக்கிறது என்று.

“வெயில்,” என்பாள் மிஸ் லிண்டோ, சந்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு.

“தூசி,” என்பேன் நான்.

அவர்கள் எழுதிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் சில காலைகளில் சந்தில் உள்ள மற்றவர்கள் குழாயடிக்கு வந்து சொல்வதுண்டு: “எங்க வாசப்படியில யாரோ ரொம்ப நேரம் நின்ன மாதிரி ஈரமா இருக்கு, மிஸ் மேர்ட்டில். நடுவுல மட்டும். மத்த எடமெல்லாம் காஞ்சு கெடக்கு.”

உடனே எங்கள் எல்லோருக்கும் வேலை வந்துவிடும்.